கேட்காத மருந்து

அண்ணன் இறந்து ஏழாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். திரும்பிய அன்றைக்கே முதல் காந்தம் கிடைத்தது.

நகராட்சி இறைச்சிக்கூடத்தில் அவள் ஆய்வாளர். கொக்கியில் தலைகீழாகத் தொங்கி, மேலே ஓடும் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் மாடுகளைப் பார்த்து, இது கடைக்குப் போகலாம், இது குழிக்குப் போகட்டும் என்று சொல்வதுதான் வேலை. தொண்டைக்குப் பின்னாலும் நுரையீரலை ஒட்டியும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கீறிப் பார்ப்பாள். நல்ல முடிச்சு கத்திக்குச் சத்தமில்லாமல் வழிவிடும். காசநோய் பிடித்த முடிச்சாக இருந்தால் கத்தி மணலில் உரசியதுபோல நறநறக்கும். உள்ளே மஞ்சளாக, காய்ந்துபோன தயிர் மாதிரி ஒன்று இருக்கும். கூடத்து ஆட்கள் அவளை நேரில் ‘மேடம்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘நறநற’ என்றும் சொன்னார்கள். அந்தப் பெயர் கத்தியை வைத்து வந்ததா அவள் பல்லைக் கடிக்கும் வழக்கத்தை வைத்து வந்ததா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது.

அன்று காலை வரிசையில் ஒன்பதாவதாக வந்த மாட்டின் காதில் அடையாளத் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் காது வெட்டப்பட்டு ரத்தம் இன்னும் காயாமல் இருந்தது. தரகனைக் கேட்டதற்கு, வீட்டு மாடு, ஒற்றை மாடு வைத்திருந்தவர் விற்றுவிட்டார் என்றான். தொண்டை முடிச்சில் கத்தி நறநறத்தது. அவள் முடிச்சை வெட்டியெடுத்துக்கொண்டிருந்தபோது குடல் கழுவுகிறவர் கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார்.

“மேடம், இது வீட்டு மாடா? வயித்துக்குள்ள காந்தம் வெச்சுக்கிட்டு எந்த வீட்டு மாடு திரியும்?”

விரல் நீளக் காந்தம். அதில் இரண்டு ஆணியும் ஒரு துண்டுக் கம்பியும் ஒட்டியிருந்தன. குழாயில் கழுவித் திருப்பினாள். பக்கவாட்டில் ஆணியால் கீறிய எண் தெரிந்தது: 47. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அப்படி ஏழு போடுகிற ஆளை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

பெரிய பால் பண்ணைகளில் மாடு தீவனத்தோடு ஆணியை விழுங்கிவிடும். அது வயிற்றைக் குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போகும். அதனால் கன்று வளர்ந்ததும் தொண்டை வழியாக ஒரு காந்தத்தைப் போட்டுவிடுவார்கள். அது ஆயுசுக்கும் வயிற்றிலேயே கிடந்து ஆணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அண்ணன் பதினோரு வருஷம் கறவைக்காரராக இருந்த பண்ணையில் நின்ற எல்லா மாட்டுக்கும் காந்தம் போடுவது அவர் வேலை. எண்ணைக் கீறச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே கீறினார். காதுத் தகடு எங்காவது சிக்கி அறுந்துவிடும், காந்தம் எங்கே போகும் என்று ஒருமுறை அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அவள் காந்தத்தைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தவர் சோதனைக்குப் போனார். காசநோய் என்றார்கள். அதே மாதத்தில் கால்நடைத் துறைக்காரர்கள் பண்ணை மாடுகளுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது மாடுகளுக்கு வீங்கியது; வீங்கினால் நோய் இருக்கிறதென்று அர்த்தம். பண்ணைக்காரர் பதறவில்லை. மறுவாரம் பால் சங்கக் கூட்டத்துக்கு அண்ணனை அழைத்துப்போய், பால் வாங்குகிறவர்கள் முப்பது பேர் முன்னால் நிறுத்தினார். இவன்தான் நோயை மறைத்துக்கொண்டு கறந்தான், இவன்தான் என் மாடுகள்மேல் இருமினான், சொல்லடா என்றார். அண்ணன் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். ஒன்பது மாடுகளை ஒதுக்கிவிட்டேன், ஆளையும் அனுப்பிவிட்டேன், இனிமேல் பயமில்லை என்று சொல்லி, பண்ணைக்காரர் அங்கேயே ஒரு டம்ளர் காய்ச்சாத பாலைக் குடித்துக் காட்டினார். ‘எங்க பண்ணையில பொறந்த மாட்டுப் பால், காய்ச்சவே வேண்டாம்’ என்பதுதான் அவர் வியாபாரமே.

அதற்கப்புறம் அண்ணன் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அண்ணி தையல் வேலை செய்கிறவள். தைக்கக் கொடுத்திருந்த துணிகளைக்கூட வெட்டினபடியே வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் மாத்திரைகளை ஒருநாள் தவறாமல் விழுங்கினார். ஆனால் மருந்து கேட்கவில்லை. டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. பதினான்காவது மாதம், எலும்பும் தோலுமாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“வாயில்லாத ஜீவனுங்க பாப்பா. நான்தான் குடுத்துட்டேன். எத்தனை மாட்டைக் கொன்னேனோ.”

அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். அப்படி இருக்காது, மாட்டிடமிருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும் என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். எனக்காகச் சொல்கிறாய் என்பார். தங்கை சொல்வதை நம்பாதவர் முதலாளி சொன்னதை நம்பினார். நம்பிக்கொண்டே செத்தார். அந்தச் சாவைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த நம்பிக்கையைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

*

ஏழு மாதத்தில் அவளிடம் முப்பத்தோரு காந்தங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு முடிச்சு. காது வெட்டிய மாடு, வெவ்வேறு தரகர், வெவ்வேறு கதை. வயிற்றுக்குள் மட்டும் ஒரே கையெழுத்து. பண்ணைக்காரர் இளைத்துப்போகிற மாடுகளைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது மூன்றாவது காந்தத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போதே புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும்? நோய்ப்பட்ட மாட்டை விற்றதாக அபராதம் கட்டிவிட்டு, எல்லாம் அந்தக் கறவைக்காரன் செய்த வேலை என்று மறுபடியும் அண்ணனையே இழுப்பார். அவளுக்கு அது போதாது. அவருக்குத் தப்பிக்க ஒரு சந்துகூட இருக்கக் கூடாது.

முடிச்சுகளை அவள் கொண்டுபோய்க் கொடுத்த இடம் கால்நடை நோய் ஆய்வகம். அங்கே இருந்தவன் அவளோடு படித்தவன். படிக்கிற காலத்திலேயே சட்டைப்பையில் மாதிரிக் குப்பிகளை வைத்துக்கொண்டு அலைந்ததால் அவனுக்குக் ‘குப்பி’ என்றே பெயர். அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிட்டாள். மாடுகளில் காசநோய்க் கிருமி எத்தனை வகை சுற்றுகிறது என்று அவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். இறைச்சிக்கூடங்களிலிருந்து முடிச்சு கேட்டுக் கடிதம் எழுதி, யாரும் அனுப்பாமல் நொந்துபோயிருந்தவனுக்கு இவள் வாரம் ஒன்றாகக் கொண்டுவந்தது பெரிய யோகமாகப் பட்டது. பத்தாவது முடிச்சு வந்தபோதுதான் சந்தேகப்பட்டுக் கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், உங்கள் அண்ணனுடைய கிருமி ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும், கேட்டு வாங்கலாம், ஆனால் நெருங்கிய உறவு கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

அண்ணி கையெழுத்துப் போட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே போட்டாள். அவள் அப்படித்தான். ஒருவேளை இந்தக் கோபமெல்லாம் தனக்கு மட்டும்தானோ, கட்டிக்கொண்டவளே மறந்துவிட்டாளோ என்று தங்கைக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது.

கிளம்பும்போதுதான் அண்ணி ஒன்று சொன்னாள். அவர் தினமும் விடியற்காலையில் வெள்ளை மாத்திரைகளை உரலில் இடித்துத் தீவனத்தில் கலப்பாராம். மாட்டுக்குச் சத்து மாத்திரை என்று முதலாளி வாங்கிக் கொடுப்பாராம். நோய் வந்த பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்று நம் பண்ணைச் சத்து மாத்திரை மாதிரியே இருக்கிறதே என்று சிரித்தாராம்.

தங்கை வாசற்படியில் நின்றபடியே குப்பிக்குப் போன் செய்து அதைச் சொன்னாள்.

*

கிருமிகளை வளர்த்து, மரபணுவைப் படித்து முடிக்க நான்கு மாதம் ஆனது. குப்பி அவளை வரச்சொல்லி, மேஜைமேல் ஒரு பெரிய காகிதத்தை விரித்தான். கிளை கிளையாகப் பிரிகிற ஒரு மரம். கிளை நுனிகளில் அண்ணன் கீறிய எண்கள்.

முதலில் வகைகளைச் சொன்னான். முப்பத்தோரு மாட்டில் ஐந்து வகைக் கிருமி. ஒரே பண்ணையில் பிறந்து வளர்ந்த மாடுகளென்றால் ஒரு வகை இருக்கலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. ஐந்து இருக்கிறதென்றால் அந்த ஆள் ஐந்து திசையிலிருந்து கண்ட மாட்டையும் வாங்கிக் கலந்திருக்கிறார். சொந்தப் பண்ணை மாடு என்று அவர் சொன்னதெல்லாம் சும்மா. பிறகு அவன் விரல் ஒரு தடித்த கிளைக்கு வந்தது. அந்தக் கிளையில் பதினான்கு மாடுகள். ஐந்து மாட்டின் கிருமி எல்லா மருந்துக்கும் கேட்கிறது, மாட்டுக் கிருமிக்குப் பிறவியிலேயே கேட்காத ஒரு மருந்தைத் தவிர. மீதி ஒன்பதில் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் இருந்தால் அந்த வெள்ளை மாத்திரையும் கேட்காது.

“அரைகுறையா மாத்திரை போட்டுப் போட்டுக் கிருமிக்கே பழக்கிக் குடுத்திருக்கார். உங்க அண்ணன் இதோ.”

ஒன்பது மாட்டுக்கும் அப்பால், கிளையின் கடைசி நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. அண்ணனின் கிருமியில் மாடுகளுக்கு இருந்த அதே மாற்றம் இருந்தது. அதற்குமேல் இன்னொரு மாற்றமும் இருந்தது. அது எந்த மாட்டிலும் இல்லை. நான்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்று பிறவியிலேயே கேட்காது, ஒன்று பண்ணையில் பழகியதால் கேட்காது. இரண்டே மருந்து நின்று சண்டை போட்டதில் மூன்றாவதும் தோற்றுவிட்டது. அந்தத் தோல்விதான் அந்தக் கூடுதல் மாற்றம்.

அப்படியென்றால் அவரிடமிருந்து மாட்டுக்குப் போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று அவள் கேட்டாள். தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

“பேரன் தாத்தாவைப் பெத்திருக்க முடியுமாம்மா? இவர் பேரன். தாத்தா, அப்பன், பெரியப்பன் எல்லாம் மாட்டுக்குள்ள இருக்கு.”

அவள் அந்தச் சிவப்புப் புள்ளிமேல் உள்ளங்கையை வைத்தாள். அழவில்லை. இனி அந்த ஆளை எங்கே வைத்து, எப்படி அடிக்கலாம் என்றுதான் அவளுக்கு யோசனை ஓடியது.

அந்த யோசனை முடிவதற்குள் வேறொன்று நடந்தது. பண்ணைக்காரரை நெஞ்சக ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அண்ணியிடம் துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி சொன்னாள். காசநோய். கழுத்தில் கட்டி, நுரையீரலிலும் இருக்கிறதாம். ஒரு மாதமாக மாத்திரை விழுங்கியும் காய்ச்சல் விடவில்லையாம். அண்ணி இதைச் சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

குப்பிக்குச் செய்தி போனதும் பதறினான். ஆஸ்பத்திரியில் செய்கிற அவசரச் சோதனையில் ஒரு மருந்துக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். அதில் கேட்கும் என்று வந்திருக்கும், அதே நான்கு மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆளுக்கு அவர் பண்ணைக் கிருமிதான் வந்திருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. உடனே டாக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று சொல்லி அன்றைக்கே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரி அவள் போகிற வழியில்தான் இருந்தது. நானே கொடுத்துவிடுகிறேன் என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அறிக்கையைப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

*

பத்தொன்பது நாள் அது பீரோவில் இருந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அண்ணன் போனதிலிருந்து வராத தூக்கம் வந்தது. தினமும் பஸ் நெஞ்சக ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது நிமிர்ந்து மேல்மாடி ஜன்னல்களைப் பார்ப்பாள். அதில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் ஒருவன் காலையில் எண்ணி எண்ணி மாத்திரை விழுங்குகிறான். தேறிவிடுவோம் என்று நம்புகிறான். நம்பட்டும். என் அண்ணனும் ஒன்றைத்தான் நம்பினார். கூடத்தில் கத்தியைச் சுடுநீரில் முக்கியெடுக்கும்போது தானாகவே ஒரு பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டுக் குடல் கழுவுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

மனசாட்சி உறுத்தியதா என்று பின்னால் அவள்மேல் நடந்த விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றுதான் சொன்னாள். ஏழாவது நாளில் ஒருமுறை பீரோவைத் திறந்தது உண்மை. அறிக்கை அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தாள்.

குப்பி இடையில் ஒருநாள் போனில் கேட்டான். கொடுத்துவிட்டேன் என்றாள். அவன் நிம்மதியாக வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

இருபதாவது நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மரம் வரைந்த காகிதத்தின் நகலைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அறிக்கையும் பையில் இருந்தது. கொடுப்பதாக முடிவு செய்து எடுத்துப்போகவில்லை. அவர் முகத்துக்கு முன்னால் அதை ஆட்டிக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து பூட்டுவதுதான் திட்டம்.

தனி அறை. ஜன்னல் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கட்டிலில் இருந்தவரை அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. பால் சங்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டம்ளரைத் தூக்கிக் காட்டிய ஆள் பாதியாகியிருந்தார். மூக்கும் வாயும் மூடிய அவளை நர்ஸ் என்று நினைத்து, இன்றைக்கும் காய்ச்சல் விடவில்லையம்மா என்றார்.

“நான் நர்ஸ் இல்லை. உங்க கறவைக்காரர் தங்கச்சி.”

அவர், அவன் நல்லவன் என்றார். அவள் காகிதத்தை அவர் போர்வைமேல் விரித்தாள். குப்பி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல், மெதுவாக, புரியும்படி சொன்னாள். எந்த எண் எந்த மாடு என்று அவருக்கே தெரிந்தது. 47-ஐப் பார்த்ததும் அவர் விரல் அதன்மேல் போய் நின்றது. வெள்ளை மாத்திரையைப் பற்றிச் சொன்னபோது மறுக்கவில்லை. எல்லாரும் செய்வதுதான், இருமல் நிற்கும், பால் குறையாது என்று மருந்துக்கடைக்காரன் சொன்னான் என்றார்.

“எங்க அண்ணன் இருமறதுக்கு முன்னாடியே மாடு இருமிச்சா?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே.”

“அப்புறம் ஏன் அவரை அங்க நிறுத்தினீங்க? பண்ணையில எட்டுப் பேர் வேலை செஞ்சாங்க.”

பண்ணைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவன் ஒருத்தன்தான் எதுத்துப் பேச மாட்டான்.”

அவள் எதிர்பார்த்திருந்த பதில்களில் இது இல்லை. கத்தியிருந்தால், பொய் சொல்லியிருந்தால், காலில் விழுந்திருந்தால் அதற்கெல்லாம் தயாராக வந்திருந்தாள். மேஜையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

“இதுல ரெண்டு உங்களுக்குக் கேக்காது. எங்க அண்ணனுக்கும் கேக்கலை. உங்க மாட்டுக்கு நீங்களே சொல்லிக் குடுத்த பாடம். எது கேக்கும்னு எழுதின காகிதம் இந்தப் பையில இருக்கு. பத்தொன்பது நாளா எங்கிட்டதான் இருக்கு.”

அவர் புரிந்துகொண்டார். அது கண்ணில் தெரிந்தது. கை பையை நோக்கி ஒரு சாண் நகர்ந்து போர்வைமேல் நின்றுவிட்டது. கெஞ்சவில்லை. அவள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த ஆள் இப்படியே செத்துப்போனால், இந்த அறையில் சொன்னது இந்த அறையோடு போய்விடும். ஊருக்கு அண்ணன்தான் குற்றவாளி. இவர் படம் மாலையோடு பால் சங்கத்தில் தொங்கும். செத்தவர் வாயிலிருந்து எதையும் வாங்க முடியாது. சாவு இவருக்குத் தண்டனையே இல்லை; அது இவருக்கு அவள் கொடுக்கிற விடுதலை.

கீழ்த்தளத்தில் டாக்டர் அறைக் கதவைத் தட்டி அறிக்கையைக் கொடுத்தாள். டாக்டர் படித்துவிட்டுத் தேதியைப் பார்த்தார். இது எழுதி இருபது நாளாகிறதே, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்.

“வேணும்னுதான் வெச்சிருந்தேன்” என்றாள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

*

அவரைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் அதற்குள் மூன்றாவது மருந்தும் கைவிட்டுவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளில்தான் கைவிட்டதா, அதற்கு முன்பேயா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. குப்பியாலும் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் வேறொரு ஊசி போட வேண்டியிருந்தது. அந்த ஊசி நோயை அடக்கியது. போகிற போக்கில் அவருடைய இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது.

அவளை மூன்று மாதம் பணியிடை நீக்கம் செய்தார்கள். பிறகு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அவள் எதிர்த்து மனுப் போடவில்லை. குப்பி அவள் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றுகொண்டே பேசினான். உன் அண்ணனுக்காக நான் ராப்பகலாக உட்கார்ந்தேன், என் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீ கத்தியாக்கிவிட்டாய், நான் கேட்டபோது என்னிடமே பொய்யும் சொன்னாய் என்றான். அவன் போன பிறகு அன்றைக்கு முழுக்க வீட்டில் எதையும் எடுத்த இடத்தில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அவன் பேசவில்லை.

ஆய்வக அறிக்கையை வைத்து, பண்ணையில் மிச்சமிருந்த நூற்றுச் சொச்சம் மாடுகளையும் அரசாங்கம் அழித்துவிடச் சொன்னது. லாரிகள் இறைச்சிக்கூடத்துக்குள் நுழைந்த அன்று அவள் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். வேலை இல்லாததால் உள்ளே போக முடியாது. தட்டிகளுக்கு மேலே முகங்கள் வரிசையாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தன. பெரும்பாலும் அண்ணன் கை பட்டவை. இவை என்ன செய்தன? அந்த ஒருநாள் மட்டும் தான் ஆரம்பித்த காரியத்தின்மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது. மறுநாள் குடல் கழுவுகிறவர் போன் செய்து, காந்தங்களை வாளியில் போட்டு வைத்திருக்கிறேன், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டார். ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

*

பண்ணைக்காரர்மேல் விசாரணை கால்நடைத் துறை அலுவலகத்தில் நடந்தது. நீளமான மேஜை, சத்தம் போடுகிற மின்விசிறி, சுவரோரம் இரும்பு நாற்காலிகள். அன்றைக்குப் பால் சங்கத்தில் இருந்தவர்களில் பன்னிரண்டு பேரைச் சாட்சியாக வரச்சொல்லியிருந்தார்கள். அவளும் அண்ணியும் கடைசி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அண்ணி வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காலையில் அவளாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பண்ணைக்காரரிடம் கேள்விகளை எழுதிக் காட்டினார்கள். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொன்னார். மாத்திரை கலந்தது, வெளிமாடு வாங்கியது, காதை வெட்டி விற்றது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மரபணு மரம் மேஜைமேல் விரிந்திருந்தபோது மறுத்துப் பயனில்லை என்று அவருடைய வக்கீலே சொல்லியிருப்பார். கடைசியாக அதிகாரி, கறவைக்காரர்மேல் சொன்ன குற்றச்சாட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தார்.

தன் குரல் தனக்கே கேட்காத மனிதர் எவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்பது அவருக்கே தெரியாது. பண்ணைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சொன்னது அறை முழுக்க அதிர்ந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பியூன் நின்று எட்டிப் பார்த்தார்.

“அவன் குடுக்கலை. என் மாடுங்கதான் அவனுக்குக் குடுத்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவன்மேல பழி போட்டேன்.”

சாட்சிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்டின துணியைத் திரும்ப வாங்கிப் போனவளும் அவர்களில் இருந்தாள். அதிகாரி எழுதிக்கொண்டார். தங்கை இந்த வார்த்தைகளுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவள். வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தாள். முடிந்தது என்று நினைத்து எழுந்திருக்கப் போனாள்.

அண்ணி எழுந்து மேஜைக்குப் போனாள். யாரையும் அனுமதி கேட்கவில்லை. அதிகாரியின் முன்னால் இருந்த பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் நிதானமாக எழுதி, பண்ணைக்காரர் பக்கம் திருப்பி வைத்தாள். தங்கை நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

‘இன்னொரு தடவை சொல்லுங்க. அவங்களைப் பார்த்து.’

பண்ணைக்காரர் படித்தார். அதிகாரியைப் பார்த்தார், அவர் தடுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பி, அதையே திரும்பவும் சொன்னார். முதல் தடவையைவிடச் சத்தமாக. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். அப்புறம் தாளில் அதே வரியின்மேல் விரலை வைத்தாள். அவர் மூன்றாவது தடவையும் சொன்னார். அதிகாரி, போதும்மா என்றார். அண்ணி பேனாவை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணி நின்றாள்.

“பசிக்குது. எங்கயாவது உக்காந்து சாப்பிட்டுட்டுப் போலாமா?” என்றாள்.